வலைக்கு வந்த நோய்

பெண் பார்க்கப் போகிறவன் கையில் ஒரு கருவியையும் கொண்டுபோகக் கூடாது. நான் கொண்டுபோனது ட்ரோன்.

ஆடி அமாவாசைக்கு அடுத்த சனிக்கிழமை அது. (நாள் கிழமையில் நான் பிழை விடுவதில்லை. விட்ட பிழையெல்லாம் வேறு இடங்களில்.) குச்சவெளியில் சுகந்தினியின் அப்பா கடலுக்குக் கிட்ட வெங்காயம் வைத்திருந்தார். தேநீர் குடித்து முடிந்ததும், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துப் பயிரின் நோயைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குகிறேன் என்றேன். ஆயிரக்கணக்கான இலைப் படங்களைக் காட்டினால் அது தானாகவே கற்றுக்கொள்ளும், ஆழ்கற்றல் என்று பெயர் என்றும் விளக்கினேன். அப்படியென்றால் தன் தோட்டத்தையும் ஒருக்கால் பார்க்கச் சொன்னார்.

பாத்திகளில் அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். என் காலில் புதுச் சப்பாத்து. ஆகவே வேப்பமர நிழலில் கதிரை போட்டு அமர்ந்தபடியே ட்ரோனை ஏற்றினேன்.

திரையில் கடல் மெல்லச் சாய்ந்தது. நீலத்தின் ஓரத்தில் வெள்ளை நுரை, அதற்கு இப்பால் ஈரப் பச்சையாக வெங்காயம், கிணற்றடியில் ஒரு மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளி சுகந்தினி. அது அசைந்த பக்கமெல்லாம் ட்ரோனும் அசைந்தது. (நோய் தேடப் போனவன் என்பதை நானே சற்று மறந்திருந்தேன்.) மனதுக்குள் கல்யாணம் முடிந்து, நிலாவெளிக் கரையில் வீடும் கட்டியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் தோட்டத்தின் கிழக்குப் பாதி முழுவதையும் கணினி சிவப்பாக்கிக் காட்டியது.

"ஐயா, கிழக்குப் பக்கம் முழுக்க நோய்."

"இலை பச்சையாத்தானே கிடக்கு, தம்பி?"

"கண்ணுக்குத் தெரிய முந்தியே இது பிடிச்சிடும். அந்தப் பக்கத்தைப் பிடுங்கினால்தான் மற்றப் பக்கம் தப்பும்."

அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். வீடே இறங்கிப் பிடுங்கத் தொடங்கியது. நான் கதிரையிலிருந்து மேற்பார்வை செய்தேன்.

நாலைந்து பாத்தி வெறுமையானதும், நோய் பரவுகிறதா என்று பார்க்க மறுபடியும் பறக்கவிட்டேன். கிழக்கில் இன்னும் பிடுங்காமல் நின்ற வெங்காயத்தில் சிவப்பையே காணவில்லை. வேலியோரம் எதுவோ குவியலாகக் கிடந்தது. சிவப்பு முழுவதும் அதில் போய்க் குந்தியிருந்தது. நோய் அங்கே முற்றிவிட்டதாம்.

தண்ணீர் கொண்டுவந்த சுகந்தினி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"அது அண்ணான்ர பழைய வலை. அதுக்கும் மருந்தடிக்க வேணுமோ?"

அந்தக் கரையில் கிழிந்த வலையை யாரும் எறிவதில்லை. மயில் கிண்டாமலிருக்கப் பாத்திக்கு மேல் விரித்துவிடுவார்கள். கிழக்குப் பாதியை மூடியிருந்த, வெயிலில் மங்கிய அந்த ஊதா நைலோன் வலையை, வெங்காயம் பிடுங்குவதற்காகச் சுருட்டி வேலியோரம் போட்டிருந்தார்கள். என் கணினியோ வலை போர்த்த வெங்காயத்தைப் பிறந்த நாள் முதல் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. முப்பது அடி நடந்திருந்தால் கண்டிருப்பேன்.

சப்பாத்தோடேயே சேற்றில் இறங்கினேன். பிடுங்கியதையெல்லாம் முழங்காலில் நின்று திரும்ப நட்டேன். குச்சவெளிக் கடல் செம்பாகி, பிறகு சாம்பலாகியது. கல்யாணமும் அதோடு கரைந்துவிட்டதென்றே நினைத்தேன். நட்டதில் பாதி வாடியது. வாடியதை அந்த வீடு ஒரு வாரம் வறை வறுத்துத் தின்றதாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை தரகரிடம் சுகந்தினியின் அப்பா சொல்லி அனுப்பினார்: "பொடியனுக்கு வெங்காயம் தெரியாது. ஆனால் பிழையெண்டதும் சேத்துக்குள்ள இறங்கினவர். குடுப்பம்."

எங்கள் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்றபடியே, பிள்ளை கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறாளே என்றேன். கட்டிலில் கிடந்த சுகந்தினி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். மாமா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"தம்பி, ஆகாயத்தில நிண்டு சொல்லாதேங்கோ. இறங்கி வந்து பாருங்கோ."

மகளுக்கு இப்போது பள்ளிக்கூட வயது. நான் எதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வாய் திறந்தாலும், முதலில் இறங்கச் சொல்கிறவள் அவள்தான்.