தூளி கட்டிப் பார்த்து வாங்கிய வண்டி

காரை நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. ஓட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. மச்சினன் சொன்னான் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டு, அப்புறம் மச்சினனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனவர்களும் உண்டு. ஆனால் உள்ளே தூளி கட்டிப் பார்த்துக் கார் வாங்கிய மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்தார். அவர் மேல் எனக்கிருந்த பொறாமையைச் சாக்குச் சாக்காய்க் கட்டி ஏற்றினால் ஒரு லாரி போதாது.

சொந்தப் பெயர் அவருக்கு இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததில்லை. ஊருக்கு அவர் 'தூளி' முதலாளி. மேல்மலைக் கிராமங்களில் விளைகிற பூண்டை மொத்தமாய் வாங்கிக் கீழே அனுப்புகிற வியாபாரி. அவர் வருகிறார் என்றால் முதலில் பூண்டு வாசம் வரும், அடுத்து வயிறு வரும், கடைசியில்தான் அவர் வருவார்.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து, இனிமேல் இல்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்ட பிறகு, அவருக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்குத் தூளியில் போட்டால்தான் தூக்கம். மடியில் போட்டால் கத்தும். மெத்தையில் போட்டால் மெத்தைக்காரன் வீடு வரைக்கும் கேட்கும். இவரோ பிள்ளையை விட்டு ஒரு பகல் பிரிந்திருக்க மாட்டார். "பிள்ளைய விட்டுட்டு என்னடா யாவாரம்?" என்பார். அப்படியானால் பிள்ளையும் கூட வர வேண்டும். பிள்ளை வந்தால் தூளியும் வர வேண்டும். அதுவரை பூண்டு லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்த மனிதர் குடும்பத்துக்குக் கார் தேட ஆரம்பித்தார். இது எண்பதுகளின் தொடக்கத்தில்.

நான் அப்போது ஏழு ரோடு சந்திப்பில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கவலை மட்டும் நிற்காமல் மேல்வகுப்புக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். கிளம்பியபின் நிறுத்தி, இறங்கிச் சக்கரத்தைப் பார்ப்பேன். "டிரைவர், வண்டி போகுமா, இல்ல பாத்துக்கிட்டே இருப்பீங்களா?" என்று கேட்காத சவாரி கிடையாது.

அவருக்குப் பிள்ளை பிறந்த அதே மாதம் எனக்கும் ஒரு பெண் பிறந்தாள். பிறந்தபோதே மூச்சுத் திணறல். பிழைப்பது கஷ்டம் என்றார்கள். வருசம் திரும்புமுன் மொட்டை போடுகிறோம் என்று என் மனைவி பழனியாண்டவருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஆனால் மலை இறங்குகிற வளைவுகளில் வண்டி சாய்ந்தால் போதும், வீறிட்டு அழுது, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதடெல்லாம் நீலம் பாய்ந்துவிடும். இரண்டு தரம் கிளம்பி, பெருமாள்மலை தாண்டுமுன் திரும்பி வந்தோம். ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பழனிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறவனுக்குத் தன் பிள்ளையைக் கொண்டுபோக முடியவில்லை. வருசமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

தூளி முதலாளியின் முதல் சோதனை என் டாக்சியில்தான் நடந்தது. ஒரு நாள் வெள்ளனே, பனி விலகுமுன் ஸ்டாண்டுக்கு வந்தார். ஒரு கையில் அவர் மனைவியின், எங்களுக்கெல்லாம் மதினியின், பழைய நூல் சேலை. மறு கையில் ஒரு சின்ன மூட்டை.

"ஏலே, கதவத் திற."

"எங்க போகணும் முதலாளி?"

"எங்கயும் போகல. தூளி கட்டணும்."

மூட்டையில் இருந்தது, பிள்ளையின் எடைக்கு எடை நிறுத்து எடுத்த பூண்டு.

"பிள்ளையவே போட்டுப் பாக்கலாமே?"

"தெரியாத வண்டியில எம்பிள்ளையப் போடுவனாடா? மொதல்ல பூண்டு. பூண்டு நல்லாத் தூங்குனாத்தான் பெறகு பிள்ளை."

என் வண்டிக்குக் கூரை தாழ்வு. தூளியைக் கட்டினால் பூண்டு சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஸ்டாண்டே சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அவர் சேலையை அவிழ்த்தபடியே சொன்னார்: "இது வண்டியாடா? மிட்டாய் டப்பா."

"மடியில வச்சுக்கிட்டுப் போனா என்ன முதலாளி?"

"மடிங்கிறது மனுசன் முழிச்சிருக்க மட்டுக்கும்தான்டா. மனுசன் ஒறங்குனா மடி சரியும். தூளி ஒறங்குமா?"

அதில் நியாயம் இருப்பதுபோல் எனக்குப் பட்டது. அன்றிலிருந்தே என் மகளை மடியில் வைக்கவும் எனக்குக் கவலை.

அடுத்து ஒரு ஓட்டல்காரரின் வேன். விற்கிற ஆசையில் ஓட்டல் மேனேஜரும் கூடவே ஏறிக்கொண்டார். முதல் வளைவில் தூளி ஒரு வீச்சு வீசி, பூண்டு மேனேஜர் முகத்தில் மோதி, மூக்குக்கண்ணாடி ஜன்னல் வழியாகப் பள்ளத்துக்குப் போய்விட்டது. அப்புறம் ஒரு கேன்வாஸ் ஜீப். கூரைக் கம்பி மெல்ல மெல்ல வளைந்து, ஏரிக்கரை போய்ச் சேர்வதற்குள் பூண்டு டிரைவர் மடிக்கு வந்துவிட்டது.

நாலாவதாக ஒரு வண்டி அவர் மனசுக்கு ரொம்பப் பிடித்தது. நல்ல உயரம். கூரையில் கனத்த கம்பி. ஆட்டமே இல்லை. ஒரு சுற்று போய் வந்து, டிரைவர் அந்தோணியிடம் கேட்டார்.

"வண்டி என்னமா போகுதுய்யா! பூண்டு அசையலையே!"

"இதுல படுத்துப் போறவுக யாரும் அசையறதில்லண்ணே" என்றான் அந்தோணி. அது மாதாகோயில் சபைக்காரர்களின் சவ வண்டி.

விஷயம் மதினி காதுக்குப் போனது. அன்றைக்கு மத்தியானம் முதலாளி எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரே நின்று பரோட்டா தின்றார். வீட்டில் சோறு கிடைத்திருந்தால் அவர் ஏன் பரோட்டா தின்னப்போகிறார்?

இத்தனையையும் பார்த்து நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அந்த வண்டி மேல் அவர் கண் போகிறவரை.

ஒரு மிஷன் பங்களாவில் வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருவர் இருந்தார். அவருடைய வண்டி கப்பலில் வந்தது. ஜீப்புக்கு ஜீப், காருக்குக் கார். நாலு சக்கரமும் இழுக்கும். சீட்டு சோபா மாதிரி அமுங்கும். குளிருக்கு உள்ளேயே சூடு வரும். ஆள் குனியாமல் ஏறலாம். உள்ளே கூரையோரமாய் நீள வாக்கில் ஓர் இரும்புக் கம்பி. அதை ரிப்பேருக்கு எடுத்துப் போவதும் கழுவி நிறுத்துவதும் நான்தான். ஒவ்வொரு தடவை கழுவும்போதும், என் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, என் மகள் அழாமல் பழனி போய்ச் சேருவதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன்.

டீச்சரம்மா ஊரோடு போகப்போகிறார், வண்டியை விற்கிறார் என்று முதலில் தெரிந்ததும் எனக்குத்தான். டாக்சியை விற்று, பாக்கிக்குக் கடன் வாங்கி, எப்படியாவது வாங்கிவிட நினைத்தேன். பெட்ரோலை நினைத்ததும் பயம் வந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்றிருந்தேன். மறுநாள் உதிரி பாகத்தை நினைத்ததும் பயம் வந்தது. இப்படி நான் பயந்துகொண்டே இருக்கும்போது முதலாளி வந்து நின்றார்.

"ஏலே, டீச்சரம்மா வண்டிய நீதான நோண்டிக்கிட்டுக் கெடக்க? வா, வந்து நல்லது கெட்டது சொல்லு."

என் கல்யாணப் பெண்ணை இன்னொருவருக்குப் பேசி முடிக்க என்னையே தாம்பூலத் தட்டோடு கூப்பிட்டது போலிருந்தது. போனேன். கெட்டதை மட்டும் சொன்னேன்.

"பெட்ரோல் குடிக்கும் முதலாளி."

"குடிக்கட்டும். பிள்ளை பால் குடிக்கல?"

"ஒரு நட்டு போனாலும் கப்பல்லதான் வரணும்."

"எனக்கே பிள்ளை எத்தன வருசம் கழிச்சு வந்துச்சு? நட்டுக்குக் காத்திருக்க மாட்டனா?"

"ரொம்ப கனம்."

"அப்பத்தான்டா ஆடாது!"

"நம்ம ரோட்டுல ரிவர்ஸ் எடுக்கச் சிரமம்."

"நான் எதுக்குடா பின்னாடி போகப்போறேன்?"

டீச்சரம்மா பேசுவது பைபிள் தமிழ். "ஐயா, இந்த வாகனத்தைத் தாங்கள் எதற்காக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். முதலாளி சேலையை எடுத்துக் கம்பியில் கட்டினார். முதலில் பூண்டு. பூண்டு தூங்கியது. கூட வந்திருந்த மதினி சேலையைத் தட்டி உதறிவிட்டுப் பிள்ளையைப் போட்டார்.

"ஏலே, நீ ஓட்டு. ஏரிய ஒரு சுத்து."

ஏரியைச் சுற்றி எங்கே பள்ளம், எங்கே மேடு என்று எனக்கு மனப்பாடம். தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் பள்ளத்தில் விடுவது? பள்ளம் பார்த்து ஒதுங்கியது என் கை. எரிந்ததும் என் வயிறுதான். திரும்பி வந்தபோது பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. டீச்சரம்மா எட்டிப் பார்த்தார். "சிசு நித்திரை செய்கிறது!" என்று மெல்லச் சொல்லிச் சாவியை முதலாளி கையில் வைத்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்புறம் நான் பட்டது கொஞ்சமில்லை. ஸ்டாண்டு வழியாகத்தான் அந்த வண்டி போகும். ஜன்னல் வழியே தூளி ஆடுவது தெரியும். "அவுக பிள்ளைக்குக் கார்ல தூளி. நம்ம பிள்ளைக்கு வீட்டுலயே தூளி கட்ட ஒழுங்கா ஒரு விட்டம் இல்ல" என்பாள் என் மனைவி. பூசை போட்டபோது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதுகில் தொங்குகிற ஸ்டெப்னி மனசு நோகும் என்று முதலாளி அதற்கும் ஒன்றைக் கயிற்றில் கட்டிவிட்டார். மாதம் ஒன்று ஆவதற்குள் அந்தச் சோபா சீட்டெல்லாம் பூண்டு வாசம் அடிப்பதாகக் கேள்விப்பட்டு, அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

ஆனால் அவரிடம் டிரைவர்கள் தங்கவில்லை. காரணம், ஹாரன். ஹாரன் அடித்தால் பிள்ளை முழித்துக்கொள்ளுமாம், அடிக்கக் கூடாது. மலை ரோட்டில் ஹாரன் அடிக்காமல் வளைவு திரும்புவதும் கிணற்றில் குதிப்பதும் ஒன்று. அதற்கு முதலாளி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, துண்டை ஆட்டிக்கொண்டே முன்னால் ஓடி, எதிரே வருகிற லாரியை மறித்து, "மெல்ல வாய்யா, பிள்ளை தூங்குது" என்று காதோடு காதாய்ச் சொல்லுவார். லாரிக்காரர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

கடைசி டிரைவரும் ஓடிப்போன மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏலே, எம்பிள்ளைக்கு நாளைக்குப் பழனியில மொட்டை. நீதான் ஓட்டணும்."

"எனக்குச் சோலி கெடக்கு முதலாளி."

"ஒம்பிள்ளைக்கும் மொட்டை பாக்கி கெடக்காம்ல? ஏத்திக்கிட்டு வா."

நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து என் மனைவி, "வாறோம்ணே!" என்றாள். அவர் போனதும் நான் முறைத்தேன். "ஒங்க ரோசத்துக்கா மொட்டை போடப்போறோம்? பிள்ளைக்குங்க" என்றாள். அந்த வாரம் தாண்டினால் பிள்ளைக்கு வருசம் திரும்பிவிடும்.

விடிந்ததும் கிளம்பினோம். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை தானாகவே அதைத் தடவிக் கொடுத்தது. பின்னால் கம்பியில் அவர் மகன் தூளியில் தூங்குகிறான். என் மகள் என் மனைவி மடியில். வளைவுக்கு வளைவு முதலாளி இறங்கி ஓடுகிறார். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தையே நிற்கிறது. கண்டக்டர் இறங்கி வந்தார்.

"யோவ், இது காரா, தேரா? வெரசாப் போவீங்களா, மாட்டீங்களா?"

"சத்தம் போடாத. பிள்ளை ஒறங்குது."

கண்டக்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்.

பெருமாள்மலை தாண்டிப் பழனி ரோட்டில் இறங்கியதும் நான் பயந்தது நடந்தது. என் மகள் வீறிட்டாள். அடுத்த வளைவில் சத்தம் நின்றது. சத்தம் நின்றால்தான் எனக்கு உயிர் போகும். கண்ணாடியில் பார்த்தேன். உதட்டில் நீலம்.

"ஏங்க! நிறுத்துங்க! பிள்ளையப் பாருங்க!"

நிறுத்தினேன். மனைவி முகத்தில் ஊதினாள், முதுகைத் தட்டினாள். மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"திருப்பிருவோம் முதலாளி. எங்களுக்குக் கொடுப்பினை இல்ல."

வளைவிலிருந்து ஓடி வந்த முதலாளி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். தூளிக்குள் கையை விட்டு, தூங்கிக்கொண்டிருந்த தன் மகனை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டார். மதினி பதறிப் போனார்.

"அவன் முழிச்சிருவாம்யா!"

"முழிக்கட்டும். அவன் அழுதா தொண்டைதான் நோகும். இதுக்கு மூச்சுல்ல நிக்குது? ஏத்தா, ஒம்பிள்ளைய இதுல போடு."

என் மகளைத் தூளியில் போட்டோம். மதினி ஓர் ஆட்டு ஆட்டினார். வண்டி நகர்ந்தது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. தூளி சாயாமல் நேராகத் தொங்கியது. இரண்டு விக்கல். ஒரு பெருமூச்சு. தூங்கிவிட்டாள்.

முதலாளி மகன் முழித்துக்கொண்டான். சும்மா முழிக்கவில்லை. அந்த மலையில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் கேட்டிருக்காது. அவன் உள்ளே இருந்தால் என் மகள் எழுந்துவிடுவாள் என்று, முதலாளி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி முன்னால் நடந்தார். துண்டு ஆட்ட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. பையன் போட்ட சத்தத்தில் எதிரே வந்த லாரிகள் இரண்டு வளைவுக்கு அப்பாலேயே ஓரம்கட்டி நின்றன. அந்தப் பெரிய உடம்பு மூச்சு வாங்க, வேர்க்க விறுவிறுக்க, அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு என்று நடந்துகொண்டே இருந்தது. சமவெளி வந்த பிறகுதான் ஏறினார்.

பழனியில் இரண்டு பிள்ளைகளுக்கும் மொட்டை போட்டு, சந்தனம் பூசி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாங்கள் கும்பிடுகிற நேரத்துக்கு என் மகளை முதலாளி வாங்கி வைத்திருந்தார். கும்பிட்டுவிட்டு, "வா தங்கம்" என்று நான் கையை நீட்டினேன். என் மகள் வரவில்லை. முதலாளியின் தோளில் சந்தனத் தலையைச் சாய்த்துக்கொண்டு, என்னை யாரோ சவாரி கேட்டு வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இருக்கட்டும் விடுடா, போறப்ப வாங்கிக்க" என்றார் அவர்.

அந்த வண்டி மேல் எனக்கிருந்த பொறாமை அன்றைக்கே பழனியில் தீர்ந்துவிட்டது. அந்தத் தோளின் மேல் வந்த பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை.