பன்றித் தோலைக் கடித்தது சம்மதம் ஆகாது

தலிசாய், செபு
புதன்கிழமை

பெருமதிப்புக்குரிய கிரிசாந்தோ மாமா அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் தங்கை மகன் ஜோவனி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். புகிட்னோன் மலையில் தாங்களும், தங்கள் சோளக்காடும், போன மாதம் குட்டி போட்ட பன்றியும் நலந்தானா என்று அறிய ஆவல். விசாரிக்க வேண்டியதை விசாரித்தாகிவிட்டது. இனி விஷயம். "நாங்கள் அனைவரும் நலம்" என்று மேலே எழுதியது பொய். கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதினேன்.

போனில் சொல்லியிருப்பேன். கடைசியாகப் பேசியபோது உங்கள் மலையில் சிக்னல் கிடைக்காமல் நீங்கள் பதினொரு முறை "என்னது?" என்றீர்கள். பன்னிரண்டாவது முறை நான் வைத்துவிட்டேன். அதனால் கடிதம். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், எனக்குத் தெரிந்த எழுத்து பழுது அறிக்கை ஒன்றுதான். அதே மாதிரி சொல்கிறேன். பழுது: அம்மா மறுகல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். மாப்பிள்ளை: முடிதிருத்தும் தியோஃபிலோ கபாஹுக். காரணம்: நான். செய்ய வேண்டியது: வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து "முடியாது" என்று சொல்ல வேண்டும். அவசரம் என்றால் இதோடு நிறுத்திவிட்டுக் கப்பல் டிக்கெட் எடுங்கள். விவரம் வேண்டுமென்றால் மேற்கொண்டு படியுங்கள்.

எல்லாம் ரத்தக் கொதிப்பில் ஆரம்பித்தது. டாக்டர் அம்மாவை உடம்பை அசைக்கச் சொன்னார். எங்கள் பரங்காய் ஊராட்சியின் கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண்கள் பாட்டுப் போட்டு ஜும்பா ஆடுகிறார்கள், நீயும் போ என்று நான்தான் சொன்னேன். ஊதா நிற ஷூ வாங்கிக்கொடுத்ததும் நான்தான். மைதானத்தில் ஜும்பாவுக்குப் பாதிதான், மறுபாதியில் கம்புக்காரர்கள் எஸ்க்ரிமா என்கிற கம்புச் சண்டை பழகுகிறார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. லிஃப்ட் மாட்டுவதற்கு முன் குழியின் இரண்டு பக்கத்தையும் அளக்கிறவன், அம்மாவை அனுப்பும்போது ஒரு பக்கத்தை மட்டும் அளந்தேன். மூன்று வாரம் கழித்து அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பார்க்கிறேன், இரண்டு முன்கையிலும் நீலம் நீலமாகக் கன்றியிருக்கிறது. குழாயை மூடிவிட்டுக் கேட்டேன்.

"யாரும்மா அடிச்சது?"

"தியோஃபிலோ" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், மாமா. மீனைப் பார்த்துச் சிரித்தாள்.

"எந்த தியோஃபிலோ? முடிவெட்டுற தியோஃபிலோவா?"

"நானும் அடிச்சேன்டா. அவரு கையைப் பாரு, இதைவிட மோசம்."

தியோஃபிலோ யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேவல் சண்டையில் அவருடைய சிவப்புச் சேவல் அப்பாவின் சேவலை எட்டு நொடியில் சாய்த்த நாளிலிருந்து இருபது வருஷம் அப்பா அவரோடு பேசவில்லை. பக்கத்துத் தெருவில் கடை இருக்க, ஜீப்னி ஏறி அடுத்த ஊருக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார். என்னையும் அங்கேதான் இழுத்துக்கொண்டு போனார். அந்த மனிதர், அப்பா போய் நான்கு வருஷம்கூட முழுசாக ஆகாத நிலையில், என் அம்மாவைக் கம்பால் அடிக்கிறார், அதற்கு அவள் சிரிக்கிறாள். மறுநாள் பெரிய ஸ்பேனர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வேலையிலிருந்து நேராக மைதானத்துக்குப் போனேன்.

அங்கே நான் கண்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா இரண்டு கையிலும் இரண்டு பிரம்பு வைத்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே தியோஃபிலோ, அவரிடமும் இரண்டு. மேலே, கீழே, மேலே, மாற்றுக் கையில் மேலே, கீழே, மேலே என்று நான்கு பிரம்பும் குறுக்கும் நெடுக்கும் மோதுகின்றன. மூங்கில் பாய் முடைவதுபோல் இருப்பதால் இதற்குச் சினவாலி என்று பெயராம். டக் டக் டக் என்று ஒரே சீர். மொபைலை எடுத்து நேரம் பார்த்தேன். விநாடிக்கு மூன்று அடி, பதினொரு நிமிஷம், ஒன்றுகூடத் தவறவில்லை. புது பேரிங் போட்ட மோட்டார்கூட இப்படி ஓடாது. இவ்வளவு நேரமும் இரண்டு பேரும் கம்பைப் பார்க்கவே இல்லை, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு கருவாட்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்! ஸ்பேனர் பைக்குள்ளேயே கிடந்தது. எங்கே போய் எதைத் தட்டுவது? இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கொசு நுழைய இடமில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "விளையாட்டுன்னா மெதுவா ஆடக் கூடாதா? அந்த ஆளு நிஜமாவே உன் தலைக்கு வீசறாரு."

"நிஜமாத்தான் வீசணும். ஜோடி ஆட்டத்துல பொய்யா அடிச்சா எதிர்ல இருக்கிறவங்க எதைத் தடுக்கிறது? தலைக்குத்தான் வருதுன்னு தெரிஞ்சாத்தானே கை எழும்பும்."

"ஒரு தடவை நீ தடுக்கலேன்னா?"

"அதைப் பார்த்துக்கத்தான் அவரு இருக்காரே" என்றாள். இது என்ன பதில்? பிரேக்கும் அவரே, மோட்டாரும் அவரே என்றால் எந்த இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார்?

இரண்டு வாரம் தினமும் போய் ஓரத்தில் உட்கார்ந்து கவனித்தேன். பிறகு, இதை நாலு பேர் முன்னால் முடித்துவிடுவது என்று தீர்மானித்து ஒரு பிரம்பை எடுத்துக்கொண்டு தியோஃபிலோ முன்னால் போய் நின்றேன். அவரைத் தோற்கடித்து அவமானப்படுத்த வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். மறைக்கவில்லை. அவர், "வாப்பா, ஜோவனி. சும்ப்ராடா ஆடலாம், ஆளுக்கு ஒரு கம்பு, மாத்தி மாத்தி அடி. நீ முதல்ல அடி" என்றார். என் பலம் முழுவதையும் வைத்து அவர் தலைக்கு ஒன்று விட்டேன். தடுத்தார், தடுத்த கையாலேயே என் விலாவுக்கு ஒன்று வந்தது. என் கை என்னைக் கேட்காமல் அதைத் தடுத்தது. தடுத்ததும் அவர் தோள் திறந்திருந்தது, அடித்தேன். அடித்ததும் என் முழங்கால் திறந்துவிட்டது, அவர் அடித்தார். இந்த எழவு ஆட்டம் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது, மாமா. நான் அடிக்கிற ஒவ்வொரு அடியும் அவருக்கு வேலை கொடுக்கிறது, அவர் அடி எனக்கு வேலை கொடுக்கிறது, இதில் ஜெயிப்பதற்கு ஓர் இடம் வைக்கவே இல்லை. நான் கோபமாக அடிக்க அடிக்க அது இன்னும் அழகாகப் போனது. ஜும்பாப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். "அம்மாவோட மணிக்கட்டு அப்படியே இருக்கு பாருங்கடி!" என்று யாரோ சொல்ல, கைதட்டல் வேறு. கொலை செய்யப் போனவனுக்குக் கைதட்டல்!

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சீரான ஓட்டத்தில் அரைத் தாளம் முன்னதாக அடித்தால் எதிராளியின் கை வந்துசேர நேரம் இருக்காது. இது வெறும் கணக்கு. அடித்தேன். பிரம்பு அவர் வலது விரல் முட்டியில் விழுந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை. அவர் திட்டவில்லை. கையை உதறிக்கொண்டு, "நல்ல அடிப்பா. ஆனா தனியா ஆடிட்டே" என்றார். அம்மா ஓடி வந்தாள். என்னிடம் வரப்போகிறாள் என்று நினைத்து நான் பதில்கூடத் தயார் செய்துவிட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அந்த மனிதரின் கையைத் தன் இரண்டு கையிலும் எடுத்துவைத்துக்கொண்டு, ஜும்பா ஆடுகிற இருபத்திரண்டு பெண்கள் பார்க்க, விரல் முட்டியில் வாயால் ஊதினாள். ஊதினாள், மாமா! எனக்கு ஏழு வயதில் குளவி கொட்டியபோது ஊதினாளே, அதே ஊதல்.

அன்றிலிருந்து ஊரில் என் பெயர் நாறிவிட்டது. தியோஃபிலோ இடது கையால் கடையை நடத்துகிறார். பரங்காய் தலைவரின் முடியில் வலது காதுக்கு மேல் ஒரு படிக்கட்டு விழுந்திருக்கிறது. அவர் என்னைக் காணும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போகிறார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயிறு ஓர் அடுக்குமாடியில் ஐந்து பேர் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். காலையில் போனவன் அவர்களை இறக்கிவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். பின்வாசல் வழியாக வந்தால் சாப்பாட்டு மேஜையில் முழுசாக ஒரு லெச்சோன். கரியில் சுட்ட பன்றி, தோல் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. பக்கத்தில் ஓலைப் பொட்டலச் சோறு மலைபோல். நான் என்ன கண்டேன்? ஏதோ திருவிழாவுக்கு அம்மா செய்திருக்கிறாள் என்று நினைத்து, காதோடு சேர்த்து உள்ளங்கை அகலத் தோலைப் பிய்த்து வாயில் போட்டேன். மொறுக்கென்று சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுக்கூடத்தில் பதினான்கு தலைகள் திரும்பின.

எல்லாரும் இஸ்திரி போட்ட உடுப்பு. நடுவில் தியோஃபிலோ, வெள்ளை பரோங் சட்டை, கட்டுப் போட்ட கை. அவருடைய அக்கா பாசிலிசா, சந்தையில் மீன் விற்பவர், அவர் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும், முன்னால் உட்கார்ந்திருந்தார். பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்! என் அம்மாவை! வீட்டுக்கு ஆண்பிள்ளை நான் என்பதால், என்னிடம்!

"பேச்சை ஆரம்பிக்கக்கூட இல்ல, தோலைக் கடிச்சுட்டான்" என்றார் பாசிலிசா. "அப்புறம் என்ன, சம்மதம். சோத்தை எடுங்க."

நான் "இல்லை" என்றுதான் சொன்னேன். வாய் நிறையத் தோல் இருந்ததால் அது யாருக்கும் "இல்லை" என்று கேட்கவில்லை.

"பாருங்க, ஆமாங்கறான்."

"அக்கா, சும்மா இரு. பையன் முழுங்கட்டும்" என்றார் தியோஃபிலோ.

முழுங்கினேன். முழுங்கிய பிறகு பதினான்கு பேரும் என்னைப் பார்க்க, அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. "அம்மாவுக்கு அண்ணன் இருக்காரு. அவரு சொல்லாம இங்க எதுவும் நடக்காது" என்றேன். எல்லாரும் நியாயம் என்றார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறார்கள், உங்களைப் பார்க்க. ஆகவே வாருங்கள், முடியாது என்று சொல்லுங்கள். சேவல் விஷயத்தைச் சொல்லுங்கள். வயதைச் சொல்லுங்கள். உங்கள் வாயில் வருவதைச் சொல்லுங்கள். நான் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள், நீங்கள் சொன்னால் முடிவு என்பார்கள். வந்ததும் லெச்சோன் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

தங்கள் வலக்கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். தங்கள் முழங்கால் வலி தீரவும், சோளத்தில் பூச்சி விழாதிருக்கவும், தாங்கள் நெடுங்காலம் எங்களுக்குத் தலைவராக இருந்து இதுபோன்ற காரியங்களைத் தடுக்கவும் குழந்தை இயேசுவாகிய சாண்டோ நீன்யோ அருள்புரியட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
ஜோவனி துமுலாக்

பி.கு: கடிதத்தை ஒட்டிவிட்டேன், தபாலில் போடவில்லை. இன்று வியாழக்கிழமை, மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று காலை அம்மா சமையலறை மேஜையில் இரண்டு மரக்கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். தியோஃபிலோ கை ஆறும்வரை ஆட்டம் கிடையாது, அதனால் தனியாக. டக், பிறகு காலி, டக், பிறகு காலி. பாதி சத்தம் இருக்கிறது, மீதிப் பாதி எங்கே விழ வேண்டுமோ அங்கே ஒன்றுமில்லை. பத்து நிமிஷம் கேட்டேன். எனக்கு அப்படிப்பட்ட ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வராது. இரண்டு கரண்டியை எடுத்து எதிரே நின்று மீதியைத் தட்டினேன். அவள் கரண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அப்பாவைப் பெட்டியில வச்சப்போ மீசை எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் நேராக இருந்தது. அப்பாவுக்கு முடிவெட்டிய அடுத்த ஊர்க்காரருக்கு ஒருநாளும் அப்படி வராது.

"கடைசி அஞ்சு மாசம், நீ வேலைக்குப் போனப்புறம், தியோஃபிலோதான் வாராவாரம் வந்து வழிச்சுவிட்டாரு. ரெண்டு பேரும் அந்தச் சேவலுக்காகக் கத்திக்கிட்டே இருப்பாங்க. உங்க அப்பா, பையன்கிட்ட மட்டும் சொல்லாதே, மானம் போயிடும்னாரு."

தட்டிக்கொண்டே இருந்தேன். வேலைக்கு அரைமணி நேரம் தாமதம்.

ஆகையால் மேலே எழுதிய அத்தனையையும் ரத்து செய்கிறேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக் கப்பலுக்குள் இது உங்கள் கைக்கு வராது என்பதால் இன்றே மலைக்குத் திரும்பும் சோளம் ஏற்றும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். கட்டாயம் வாருங்கள், "சரி" என்று சொல்லுங்கள், வாய் காலியாக இருக்கும்போது சொல்லுங்கள்.

இன்னொன்று. பாசிலிசா அக்காவுக்குச் சினவாலி ஆட ஜோடி இல்லையாம். மலையில் இருக்கிற உன் மாமா என்ன உயரம், கல்யாணமே செய்துகொள்ளாதவராமே என்று இன்று சந்தையில் கேட்டார். உயரத்தைச் சொல்லிவிட்டேன்.