புகைப்பேயைப் பிடித்த கண்ணாடிக் குவளை

டயர் கடை மாடியில் பேய் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊரே படியேறிவிட்டது. சாதாரணப் பேயா? புகைப்பேய்! சிகரெட் பிடிப்பவன் நெஞ்சுக்குள் குடியிருந்துகொண்டு, 'ஒன்னு பத்த வைடா, ஒன்னே ஒன்னு' என்று நச்சரிக்கும் பேய். இத்தனை காலமும் அதை ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், முட்டாள்கள். புகையிறக்கும் சாமி வந்துதான் நம் கண்ணைத் திறக்க வேண்டியிருந்தது.

சாமியின் வைத்தியம் எளிது. கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர், அதில் ஒரு குழாய். ஊத வேண்டும். ஊத ஊதத் தண்ணீர் பாலாக வெளுக்கும். "பாத்தியா, வெளிய வருது!" என்பார் சாமி. கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். ஐந்து தடவை வர வேண்டும். ஐந்தாம் தடவை எவ்வளவு ஊதினாலும் தண்ணீர் வெளுக்காது. பேய் காலி. காணிக்கையா? சாமி காசைக் கேட்கவே மாட்டார். ஒரு மாதம் சிகரெட்டுக்கு ஆகும் செலவை அப்படியே உண்டியலில் போட்டால் போதும்.

இந்தச் சமயத்தில்தான் நம் எஞ்சின் வந்து மாட்டினார். டவுன் பஸ் ஓட்டுநர். பஸ்ஸைவிட அதிகம் புகை விடுவார் என்பதால் டிப்போவில் அவருக்கு அந்தப் பெயர். மனிதர் ஒன்பது நாளுக்கு முன்னால் சிகரெட்டை நிறுத்திவிட்டார். மந்திரம், மாத்திரை எதுவும் இல்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். உடனே துணியை எடுத்துக் கண்ணாடி துடைக்க ஆரம்பித்துவிடுவார். முன்கண்ணாடி முடிந்தால் பக்கக் கண்ணாடி, அப்புறம் ஜன்னல் கண்ணாடி. ஆசை அடங்கும்வரை துடைப்புதான். நாலாம் நாள், கண்ணாடி மூடியிருப்பதே தெரியாமல் ஒரு பிரயாணி ஜன்னல் பக்கம் துப்பி, அது அவர் சட்டைக்கே திரும்பி வந்தது.

ஒன்பதாம் நாள் இருமல் வந்தது. புகைத்த காலத்தில்கூட வராத இருமல். "பேய் உள்ள உதைக்குதுண்ணே," என்றார் கண்டக்டர். விட்ட புதிதில் நெஞ்சு தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும்போது இப்படி இருமல் வருவதுண்டு. கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்கத் தெரியும். நெஞ்சைப் பற்றி அவரை யார் கேட்டார்கள்?

எஞ்சின் மாடியேறி ஊதினார். தண்ணீர் பாலாக வெளுத்தது. அவர் நிறுத்திய கதையைக் கேட்டதும் சாமி பதறிப்போனார்.

"ஒம்பது நாளா அதைப் பட்டினி போட்டிருக்கியேப்பா! கோவத்துல நெஞ்சைக் கிழிச்சிடும். அடுத்த வாரம் வர்ற வரைக்கும் தினம் ஒன்னு, அதுக்குப் படையலாப் பத்த வை."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது நாள் இருந்த மனிதர், இறங்கிய கையோடு ஒரு பாக்கெட் வாங்கிவிட்டார்.

அவர் மனைவி கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பவர். அன்று மாலை துவைக்கச் சட்டையை எடுத்தபோது பிரிக்காத பாக்கெட் கையில் சிக்கியது.

"என்னங்க இது?"

"எனக்கில்ல. பேய்க்கு."

"பேய்க்கு எந்த பிராண்டு பிடிக்கும்னு சாமி சொன்னாரா?"

எஞ்சின் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "ஒம்பது நாள் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சும்மா. அது உள்ளதான் இருக்கு. தெளிஞ்ச தண்ணி, நான் ஊதினதும் வெளுத்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

மனைவியின் கை அப்படியே நின்றது. "தெளிஞ்ச தண்ணி, ஊதினா வெளுக்குதா? நாளைக்குக் காலைல நானும் வர்றேன். அதுவரைக்கும் பேய் பட்டினியே கிடக்கட்டும்."

மறுநாள் மாடியில் நிற்க இடமில்லை. அந்தம்மா நேரே முன்னால் போய்க் குவளைக்குள் விரலை விட்டார். தண்ணீர் வழுவழுவென்றிருந்தது. விரல் வெடிப்பில் சுரீரென்றது. பக்கத்தில் சிவப்புத் துணி மூடிய குடம் ஒன்று இருந்தது. அதிலும் விரலை விட்டுப் பார்த்தார். அது வெறும் தண்ணீர்.

"சாமி, உங்க விரல் நுனியெல்லாம் என் விரல் மாதிரியே வெடிச்சிருக்கே?"

"தவத்துல வெடிச்சது தாயே."

"எனக்கு வேலைல வெடிச்சது," என்று குழாயை எடுத்து ஊதினார். வெளுத்தது. "பொறந்ததுலேருந்து நான் சிகரெட்டைத் தொட்டதில்ல. எனக்கு எப்படிப் பேய் வந்துச்சு?"

சாமி அசரவில்லை. "புருஷன் விட்ட புகைம்மா. உனக்குள்ளயும் புகுந்துடுச்சு. நீயும் அஞ்சு தடவை வரணும்."

கூட்டம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நல்லவேளை, பேய் பிழைத்துக்கொண்டது.

"சரி, உங்களுக்குள்ள?"

"புகை வாசனைகூடப் படாத உடம்பும்மா இது!"

"அப்ப நீங்க ஊதுங்க."

"நான் ஊதினா உலகம் தாங்காது."

"உலகத்தை நாங்க பாத்துக்கிறோம், ஊதுங்க சாமி," என்றார் நாலு தடவை ஊதி முடித்திருந்த தையற்காரர். சாமியின் கை மெல்லச் சிவப்புத் துணிப் பக்கம் நகர்ந்தது. "அது வேணாம். அது அஞ்சாம் தடவைக் குடம்," என்றார் அந்தம்மா.

சாமி ஊதினார். பயந்தவன் மூச்சு வேகமாக வரும். பால் கெட்டியாகவே வந்தது.

"சுண்ணாம்பைக் கரைச்சு வெச்சா மேல தெளிவு நிக்கும். அதுல யாரு ஊதினாலும் வெளுக்கும். வாளியை மூடாம வெச்சாலே வெள்ளையா ஆடை படியும். பதினெட்டு வருஷமாப் பாக்கிறேன்," என்று அந்தம்மா திரும்புவதற்குள் சாமியைக் காணோம். செருப்பு மட்டும் வாசலில் இருந்தது. உண்டியலை ஊரார் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எஞ்சின் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வருதும்மா. இப்பவே வருது. கை தானாப் பைக்குப் போகுது." பாக்கெட் பாதி வெளியே வந்திருந்தது.

"வரட்டும். ஆசைதானே? தண்ணி குடிங்க. அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காருங்க."

உண்டியலை இழுத்தவர்களும் கடிகாரத்தையே பார்த்தார்கள். இரண்டாம் நிமிடம் அவர் நெற்றி வேர்த்தது. நாலாம் நிமிடம் தோள் இறங்கியது. ஆறாம் நிமிடம், "போயிடுச்சு," என்றார், நம்ப முடியாமல்.

"யார் வெரட்டினது?"

எஞ்சின் யோசித்தார். "நான்தான்."

"ஒம்பது நாளாவே நீங்கதான்."

அவர் பாக்கெட்டைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கே மனசு குளிர்ந்தது. அதற்குள் தையற்காரர் பயபக்தியோடு சுவர்க் கடிகாரத்தின் அருகே போய்க் கைகூப்பி நின்றார்.

"அக்கா, இந்தக் கடிகாரத்துக்கு எந்தக் கிழமை விசேஷம்?"

அந்தம்மா அவர் கூப்பிய கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"நெஞ்சுக்குள்ள பேய் ஒன்னும் குடியில்லய்யா. மண்டைக்குள்ளதான் ஆளில்லாம பூட்டிக் கிடக்கு. மொதல்ல நீங்க அங்க குடிபோங்க."