நுனி நிபுணர்

நுனிப்புல் மேய்கிறவரை உங்களுக்குத் தெரியும். எல்லா வயலிலும் ஒரு வாய் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார், பெரிய சேதமில்லை. நான் சொல்லப்போவது அவருக்கு நேர் எதிரான இனம். ஒரே ஒரு புல்லைப் பிடித்து, அதன் ஒரே ஒரு நுனியில் ஏறி, அங்கேயே குடியேறிவிட்டவர். நுனி நிபுணர் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் இருக்கிறார், கோர்ட்டில் இருக்கிறார், கல்லூரியில் கேட்கவே வேண்டாம். எனக்கு வாய்த்தவர் என் அக்காளின் கணவர்.

அத்தானுக்கு மூளை ஆராய்ச்சி. முழு மூளை என்று நினைத்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். நரம்புகளின் முனை மட்டும். எலியின் மூளையைச் சர்க்கரைக் கரைசலில் போட்டு, பனிக்கட்டிமேல் வைத்துப் பதமாக அரைத்தால், நரம்பு முனைகள் கிள்ளிய மொட்டுகளைப் போலக் கழன்று, அறுபட்ட வாயைத் தாமே மூடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பைகளாகிவிடுமாம். இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் மற்றதெல்லாம் பிரிந்து அவை தனி அடுக்காகத் தங்கும். சில மணி நேரம் அவற்றுக்கு உயிர் உண்டு. சர்க்கரை தின்னும், தூண்டினால், அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லும் ரசாயனத்தை வெளியே விடும். அடுத்த நரம்பும் இல்லை, தலையும் இல்லை என்பது பாவம் அவற்றுக்குத் தெரியாது. மறதி நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் இந்த முனையும் ஒன்று என்பதால் உருப்படியான வேலைதான். வேலையில் குறையே இல்லை. குறை வேறு இடத்தில்.

தெருநாய் தபால்காரரைக் கடித்தது ஏன், மகனுக்குக் கணக்கு ஏன் வரவில்லை, ஆட்சி ஏன் கவிழ்ந்தது, எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தபடி, “அதை முனை அளவுல பார்க்கணும்” என்பார். முனைக்குள் அடங்காத சங்கதி என்றால், “அது என் துறை இல்லை.” இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேராசிரியரும் ஆகிவிடலாம் என்பதற்கு அத்தானே சாட்சி.

அத்தான் வீட்டு மாடியில் அவருடைய அண்ணன் இருந்தார். மனைவியை இழந்தவர், தெருமுனையில் மருந்துக்கடை. எந்த டாக்டரின் கிறுக்கலையும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கக்கூடியவர், கொஞ்ச நாளாக ஒரு மாதிரியாக இருந்தார். வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டார். முகம் உப்பியது, குரல் கரகரத்தது, கல்லாவிலேயே தூங்கினார். ஒருநாள், குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து கேட்ட பெண்ணிடம் ரத்தக்கொதிப்பு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் அட்டையைப் படித்துவிட்டுத் திரும்ப வந்ததால் குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து அக்காள் போய்க் கடையில் நின்றாள். சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“அண்ணன் ரொம்ப மறக்கிறாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

கண்ணாடி கழன்றது. “மறதிங்கிறதை முனை அளவுல பார்க்கணும்.”

“முனையை அப்புறம் பாருங்க. முதல்ல மனுஷனைப் பாருங்க.”

“மனுஷன் என் துறை இல்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சும்மா போகவில்லை. ‘மறதியின் முதல் அறிகுறிகள்’ என்ற தலைப்பில் ஒரு கூட்டத்தில் அவர் பேச வேண்டியிருந்தது. தயார் செய்யப் போனார்.

அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். முதல் வரிசையில் அண்ணன் ஸ்வெட்டரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டார் கண்ணில் படுவதற்குப் பல வருஷம் முன்பே நோய் முனையின் கண்ணில் பட்டுவிடுகிறது என்று அத்தான் முழங்க, அரங்கம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் விழித்த அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

“நல்லாப் பேசுறாரு. யாரு இவரு?”

“உங்க தம்பி” என்றேன்.

“அப்படியா” என்றார், மரியாதைக்காக.

இதைக் காரில் அக்காள் அத்தானிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அண்ணனை டாக்டரிடம் அழைத்துப் போனபோது அவரும் வந்தார். வயதான பொது மருத்துவர். சுவரில் பட்டம் ஒன்றே ஒன்று. எப்போதிலிருந்து குளிர்கிறது, எப்போது குரல் மாறியது, எவ்வளவு தூங்குகிறார் என்று டாக்டர் கேட்கக் கேட்க அக்காள் பதில் சொன்னாள். டாக்டர் அத்தான் பக்கம் திரும்பி, நோயாளிக்கு என்ன உறவு, எங்கே இருக்கிறார் என்று விசாரித்தார். தம்பி, ஒரே வீடு. தொழில்? மறதி நோய் ஆராய்ச்சி. டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

தைராய்டு. கழுத்தில் இருக்கும் சுரப்பி தூங்கிப்போனதில் உடம்பும் தூங்கி, மூளையும் தூங்கியிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. சில மாதத்தில் அண்ணன் ஸ்வெட்டரைக் கழற்றினார், கடைக்குத் திரும்பினார், மருந்தையெல்லாம் தலைகீழாக அடுக்கி வைத்திருக்கிறாய் என்று அக்காளைத் திட்டினார். அக்காள் அழுதுகொண்டே திட்டு வாங்கினாள்.

அத்தான்? முதலில் கொஞ்ச நாள் தினமும் மாடியேறி மாத்திரையைத் தானே கொடுத்தார். மனிதர் நுனியிலிருந்து தப்பித்தார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். தைராய்டு குறைந்தால் நரம்பு முனை என்ன ஆகிறது என்று இப்போது புது ஆராய்ச்சி நடக்கிறது. எலிகளுக்கு அவரே தன் கையால் மருந்து கொடுக்கிறார். அண்ணனுக்கு அக்காள் கொடுக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். உங்கள் ஆபீசில் அச்சு அசலாக இப்படி ஒருவர் இருக்கிறார், இல்லையா? ஆளை முடிவு செய்தாகிவிட்டது. நல்லது. அப்படியே பக்கத்தில் இருக்கிறவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். நன்றாக. என்ன, ‘அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்கார்’ என்று நிமிராமலே சொல்லிவிட்டீர்களா? வாருங்கள், கூச்சப்படாதீர்கள். நுனியில் அத்தானுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.