வண்டி கேட்டைத் தாண்டும் வரை

வண்டி வெகு நேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் விடுதியில் தொண்டு செய்யக் கடல் தாண்டி வந்த பெண், ஏற மாட்டேன் என்று பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். காரணம் வேறொன்றுமில்லை. வழியனுப்ப வந்த பிள்ளைகளில் ஒன்றுகூட அழவில்லை.

"நான் தோற்றுவிட்டேன். இக்குழந்தைகள் என்னை நேசிக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் தங்குவேன்" என்றாள். கைபேசியைப் பார்த்துக் கற்ற தமிழ். பிழையே கிடையாது, அதனால் புரியாத மாதிரி நடிக்கவும் வழியில்லை.

விடுதிப் பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கட்டிலுக்குச் சாயங்காலமே அடுத்த ஆள் வருகிறது. அது போதாதென்று தலைமையகத்தை நினைத்துப் பயம் வேறு. முன்பொரு முறை கிளம்பியவரின் காலைப் பிள்ளைகள் கட்டிக்கொண்டு கதறியதைக் கேள்விப்பட்டு, தலைமையகத்தார் அவரைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார்கள். வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கான விதிகள் சுவரில் ஏறின. குழந்தைகளைத் தூக்கக் கூடாது, திரும்பி வருவேன் என்று சொல்லக் கூடாது, பிரியும்போது கண்ணீர் கூடாது. இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வந்து வந்து போகிறவர்களை யாரும் நிறுத்தப் போவதில்லை. கண்ணீரை நிறுத்துவதுதான் சுலபம். பொறுப்பாளர் நிறுத்திக் காட்டினார். அழாத பிள்ளைக்கு இரண்டு பிஸ்கட். வண்டி கிளம்பும்போது கைதட்டிப் பாட்டு.

"கொஞ்சம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குங்கடா" என்று இப்போது பிள்ளைகளிடம் கிசுகிசுத்தார். அந்த நேரம் பார்த்து ஹாரன் மறுபடி அலறியது. பழக்கதோஷத்தில் எல்லோரும் கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, அழறவங்களுக்கு நாலு பிஸ்கட்!"

அவ்வளவுதான். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஓலம் கிளம்பியது. கழிப்பறையில் இருந்த ஒரு வாண்டு அங்கிருந்தபடியே அழுதது. "நானும் அழறேன், எனக்கும் எடுத்து வைங்க!"

"இவர்கள் பிஸ்கட்டுக்காக அழுகிறார்கள். இரண்டு மாதம் தங்குவேன்" என்றாள் அந்தப் பெண்.

பொறுப்பாளர் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். விழுந்து முட்டி பெயர்ந்தாலும் வாய் திறக்காதவள். யார் போனாலும் கண் கலங்காதவள். அவரே 'கல்லுளிமங்கி' என்று பட்டம் வைத்து, மற்ற பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டுவார். சொன்னதைச் சொன்னபடி செய்ய அவளை விட்டால் அங்கே ஆள் கிடையாது.

"நீ போய் அழு."

"அழக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இன்னிக்கு அழலாம்."

"நெஜமாவா சார்?"

"நெஜமாத்தான். வண்டி கேட்டைத் தாண்டற வரைக்கும். அப்புறம் நிறுத்திடணும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சத்தமா அழலாமா?"

"உன் இஷ்டம், தாயே. போ!"

போனாள். அந்தப் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையில் டிரைவரே ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவளைத் தூக்கினாள், முத்தமிட்டாள், "திரும்பி வருவேன்" என்றாள். சுவரில் இருந்த விதிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. பொறுப்பாளர் தென்னையைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"இவளை விட்டு நான் எவ்வாறு செல்வேன்?" என்று அந்தப் பெண் மறுபடி பெட்டியில் உட்கார்ந்தாள்.

"குழந்தைதானே, நாளைக்கே மறந்துடுவா" என்று சொல்லிவிட்டார் மனுஷன்.

"மறந்துவிடுவாளா?" பூரிப்பெல்லாம் போய் அவள் முகம் தொங்கிவிட்டது.

"ஐயோ, இல்லைங்க! சாகிற வரைக்கும் மறக்க மாட்டா!"

அதைக் கேட்ட நிம்மதியில்தான் அவள் வண்டி ஏறினாள்.

பொறுப்பாளர் அறைக்கு வந்து நாற்காலியில் சரிந்தார். தலைமையகத்திலிருந்து போன் வந்தது.

"யாரும் அழலையே?"

"ஒரு சொட்டுக்கூட இல்லீங்க."

"பின்னால ஏதோ சத்தம் கேக்குதே?"

"பிள்ளைங்க நாடகம் பழகுறாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, எரிச்சலோடு கதவைத் திறந்தார். வாசலில் சமையல்காரம்மா நின்றிருந்தார்.

"வண்டிதான் போயாச்சே, இன்னும் என்ன கூத்து? நடிச்சது போதும்னு அந்தக் கல்லுளிமங்கிகிட்ட சொல்லுங்க. மிச்ச பிஸ்கட்டையும் அவளுக்கே குடுத்துடுங்க."

"சொன்னேன் சார். 'இந்த அக்காவுக்கு அழுது முடிச்சுட்டேன், போன தடவை போன அக்காவுக்கு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன், இன்னும் நிறைய பேர் பாக்கி இருக்காங்க'ங்கிறா."