ஓட்டை போட்ட கரண்டி

பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியை ஸ்விலென் திங்கட்கிழமைதான் பாதியாக அறுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் சைக்கிள் பையைத் திறந்தால், அந்தக் குட்டைப் பிரஷுக்குப் பக்கத்தில் முழு நீளப் பிரஷ் ஒன்று, சிவப்பாக, புத்தம் புதிதாக, காலை நீட்டிப் படுத்திருந்தது.

"தெமெனுகா!"

"என்ன?" அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"இந்தப் பிரஷ் எங்கேருந்து வந்துச்சு?"

"கடையிலேருந்து. வேற எங்கேருந்து வரும்?"

"நான் அரும்பாடுபட்டு எடையைக் குறைச்சுக்கிட்டு இருக்கேன். நீ திரும்பத் திரும்ப ஏத்திக்கிட்டு இருக்க!"

"பல்லு விளக்க வேணாமா மனுஷா? ஊருக்கே பல்செட் கட்டிக் குடுக்கிறவன் நீ. உன் வாயே நாறினா எவன் வந்து உன்கிட்ட வாயைத் திறப்பான்?"

ஸ்விலென் பல்செட் செய்பவர். ட்ரோயன் ஊரில் யார் சிரித்தாலும் அதில் பாதிச் சிரிப்பு அவர் பட்டறையில் செய்ததுதான். பல்லுக்கான பொடியை நிறுக்க அவரிடம் ஒரு நுணுக்கமான தராசு உண்டு. இரண்டு மாதமாக அந்தத் தராசில் பல் வேலை எதுவும் நடக்கவில்லை. சாக்ஸ், கயிறு, சோப்புத் துண்டு, மடக்கிய கூடாரம் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பல் கேட்டு வந்தவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ட்ரோயன் சதுக்கத்தில் புறப்பட்டு, பால்கன் மலைகளில் ஏறி இறங்கி, கருங்கடலில் போய் முடியும் ஒரு வாரச் சைக்கிள் பந்தயம். தன் கையே தனக்குதவி என்பதுதான் அதன் சட்டம். கூடாரம், சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அவரவர் பாடு. வழியில் கடை இருந்தால் வாங்கித் தின்னலாம், அது எல்லோருக்கும் பொது. வீட்டு மனிதர்கள் வந்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தாலும் ஆட்டம் காலி. ஜோடியாகப் போகிறவர்களுக்கு மட்டும் தனிப் பிரிவு வைத்து, ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்துகொள்ள அனுமதித்திருந்தார்கள். அது தைரியம் போதாதவர்களுக்கு என்பது ஸ்விலெனின் அபிப்பிராயம்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இந்த ஆசை வரக் காரணம், சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் மனோல். ஒருநாள் பேச்சுவாக்கில், "மாஸ்டர், உங்க வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுவிட்டான். ஸ்விலென் யோசித்தார். கூடியிருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவர் இன்னும் யோசித்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருடமாக உப்பு உணவிலேயே விளைகிறது, சாக்ஸ் இழுப்பறையில் முளைக்கிறது என்றுதான் அவர் வாழ்ந்திருந்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஒரு வாரம், யார் தயவும் இல்லாமல், தன்னால் முடியும் என்று காட்ட வேண்டும். ஊருக்குக் காட்டுவதைவிடத் தனக்கே காட்டிக்கொள்ள வேண்டும்.

தெமெனுகா தடுக்கவில்லை. அவள் ஊர் மழலையர் பள்ளியின் சமையற்காரி. எண்பது பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்ட கை, ஒரே ஒரு ஆள் பசியோடு வெளியே போவதைப் பொறுக்குமா? பையில் லூட்டெனிட்சா பாட்டில் வந்தது. சுட்ட மிளகாயும் தக்காளியும் அரைத்து அவளே கிளறியது, கனத்த கண்ணாடிப் பாட்டில்.

"இது கடையிலயே கிடைக்கும், தெமெனுகா."

"கடையில இருக்கிறது லூட்டெனிட்சாவா? செவப்புப் பெயின்ட்."

பாட்டிலை எடுத்து வைத்தார். மறுநாள் பாட்டிலோடு பாலாடைக்கட்டியும் வந்தது. அதையும் எடுத்தார். அடுத்த நாள் இரண்டோடு கம்பளி சாக்ஸும் வந்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கிற முருங்கை மாதிரி அந்தப் பை நிறைந்துகொண்டே இருந்தது.

ஏறிய எடையை வேறு எங்காவது குறைத்தாக வேண்டுமே. ஸ்விலென் தன் கரண்டியை எடுத்து, பல்லுக்குத் துளை போடும் இயந்திரத்தால் அதில் வரிசையாக ஓட்டை போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்று பீன்ஸ் சூப். ஒரு கரண்டி எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"பார்த்தியா? பீன்ஸ் அப்படியே நிக்குது."

"சூப்பு உன் மடியில நிக்குது" என்றாள் தெமெனுகா.

அவள் பயத்தில்தான் இப்படிப் பையை அடைக்கிறாள் என்று ஸ்விலெனுக்குத் தோன்றியது. பாவம், ஒரு வாரம் கணவன் கண்ணில் படமாட்டான் அல்லவா? அவளைத் தேற்றக் கணினியைத் திறந்து போன வருடத்துப் பந்தய வரைபடத்தைக் காட்டினார்.

"இதோ பாரு. ஆளுக்கொரு கருவி குடுப்பாங்க. அதை வண்டியில மாட்டிக்கிட்டா, நாங்க எங்க இருக்கோம்னு ஒரு புள்ளி காட்டிக்கிட்டே இருக்கும். நீ இங்க உக்காந்தபடியே என் புள்ளியைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்."

"எவ்வளவு நாளு?"

"ஒரு வாரமும்!"

"நீ மலையில காட்டுல கடல்ல சுத்துவ. நான் ஒரு வாரமும் அடுப்படியில உக்காந்து ஒரு புள்ளியைப் பார்க்கணுமா?"

"புள்ளி நகரும், தெமெனுகா."

அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. ஸ்விலெனுக்கும் மனசு என்னவோ போலாகிவிட்டது. ஆனால் மறுநாள் பையில் ஒரு முழுச் சீப்பும் உப்புப் பொட்டலமும் கூடவே ஏறியிருந்ததால், அந்த இரக்கம் நீடிக்கவில்லை.

அப்போதுதான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிடம்தான்.

"தெமெனுகா, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். பந்தயத்துல புதுசா ஒரு விதி போட்டிருக்காங்க. இனிமே பையை வண்டி ஓட்டுறவங்க மட்டும்தான் தொடலாம்."

தெமெனுகா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஓட்டுறவங்க மட்டும்தானா?"

"மட்டும்தான்."

"ஓட்டாத ஆளு தொடக் கூடாது?"

"விரல் நுனி கூடப் படக் கூடாது."

"சரி" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. முகத்தில் ஒரு தெளிச்சல்கூடத் தெரிந்தது. இவ்வளவு சுலபமா, இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்று ஸ்விலென் தன்னையே மெச்சிக்கொண்டார்.

அடுத்த சில நாள் பை வைத்தது வைத்தபடி இருந்தது. தெமெனுகாவிடம்தான் மாற்றம். பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வந்தாள். வந்ததும் இரண்டு தட்டு சாப்பிட்டாள். மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னம் சிவந்து, கண் பளபளத்தது.

ஸ்விலெனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அக்காவிடம் போய் அழுகிறாள். பிரிவைத் தாங்காமல்தான் இப்படிச் சாப்பிடுகிறாள். தன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாளே என்று அவருக்கு நெஞ்சு இளகியது. கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பிறகு ஒருநாள் பையில் மறுபடியும் அந்தச் சிவப்புப் பிரஷ் கிடந்தது. இந்த முறை அதையும் யாரோ பாதியாக அறுத்திருந்தார்கள்.

"விதியை மீறிட்ட, தெமெனுகா!"

"நான் எந்த விதியையும் மீறலையே" என்றாள் அவள் நிதானமாக.

இனி வீட்டில் வைத்தால் சரிப்படாது. ஸ்விலென் வண்டியையும் பையையும் மனோலின் பட்டறையில் கொண்டுபோய் வைத்துப் பூட்டச் சொன்னார். "என் வீட்டுக்காரி வந்தா பையைக் காட்டாதே. சத்தியம் பண்ணு."

"உங்க பையைக் காட்ட மாட்டேன் மாஸ்டர்" என்று மனோல் சத்தியம் செய்தான்.

இரண்டு நாள் கழித்துப் போய்த் திறந்தால், பையில் ஒரு நல்ல கரண்டி, ஓட்டையில்லாதது. அடியில் இன்னொன்று. கம்பளிக் குல்லா ஒன்றும் இருந்தது. தலையில் போட்டுப் பார்த்தார். பாதி மண்டைக்குமேல் இறங்கவில்லை. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் புருஷன் தலையின் அளவு தெரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. மனோலின் மீசையைப் பார்த்தார். அதில் பனிட்சாவின் பொருக்குகள் ஒட்டியிருந்தன. பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து அப்படி மெல்லிய ஏடு ஏடாகச் சுட ஊரில் ஒருத்தியால்தான் முடியும்.

"லஞ்சம் வாங்கிட்டியாடா?"

"என்னை ஒண்ணும் கேக்காதீங்க மாஸ்டர். எனக்கு ரெண்டு பக்கமும் சத்தியம் இருக்கு."

பேச்சை மாற்ற அவன் வேறு வேலையில் குனிந்துகொண்டான். பழுதுபார்க்கும் கொக்கியில் ஒரு பழைய நீலச் சைக்கிள் தொங்கியது. அதற்குப் புது டயர் மாட்டிக்கொண்டிருந்தான். கோபத்தில் இருந்தாலும் ஸ்விலெனுக்குத் தொழில் ஞானம் பொங்கியது.

"இதுவும் பந்தயத்துக்கா? இந்தப் பல்சக்கரத்தை வச்சுக்கிட்டு மலை ஏற முடியுமா? இதுல போறவன் முதல் மேட்டுலயே இறங்கித் தள்ளுவான். பின்னாடி பெரிய பல்சக்கரமாப் போடச் சொல்லு."

"சொல்றேன் மாஸ்டர்" என்ற மனோலுக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை ஸ்விலென் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன்னுடையது அல்லாத ஒவ்வொன்றையும் எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் அடுக்கினார். லூட்டெனிட்சா, பாலாடைக்கட்டி, கம்பளி சாக்ஸ், சீப்பு, உப்பு, குல்லா, பிரஷ், இரண்டு கரண்டி. ஒரு சின்னக் கடையே போடலாம்.

"தெமெனுகா, கடைசியாச் சொல்றேன். இதை நான் தனியாத்தான் செய்யணும். இல்லேன்னா நான் செத்தாலும் உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாமலே சாவேன். நாளைக்குக் காலையில வாசல்ல தண்ணி ஊத்தி வழியனுப்புறதும் வேணாம். அதுவும் உதவிதான்."

அவர்கள் ஊரில் பயணம் போகிறவர் காலடியில் செம்புத் தண்ணீர் ஊற்றாமல் யாரும் அனுப்ப மாட்டார்கள். தண்ணீர் ஓடுகிற மாதிரி காரியம் ஓடும் என்பது நம்பிக்கை. வீட்டில் தங்குகிறவர்தான் ஊற்ற வேண்டும்.

 தெமெனுகா அவர் தலையைத் தடவிவிட்டு, "ஊத்த மாட்டேன். சத்தியமா நான் ஊத்த மாட்டேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். காலையில் ஸ்விலென் எழுந்தபோது வீட்டில் ஆளே இல்லை. காப்பிகூடப் போட்டு வைக்கவில்லை. ஊற்ற வேண்டாம் என்றால் வழியனுப்பவே வரக் கூடாது என்றா அர்த்தம்? வாசலில் செம்பு காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றாமல் படியிறங்க அவருக்குக் கால் வரவில்லை. கடைசியில் தானே செம்பை நிரப்பி, ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் காலடியிலேயே ஊற்றினார். தன் கையே தனக்குதவி. தண்ணீர் முழுவதும் ஷூவுக்குள் ஓடியது.

வேலிக்கு அப்பால் பூஞ்செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் போன்கா நிமிர்ந்தாள். "தனக்குத் தானே தண்ணி ஊத்திக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்!"

சாக்ஸ் சொதசொதத்தது. மேசைமேல் கம்பளி சாக்ஸ் இருப்பது நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு ஜோடிதானே, பந்தயம் இன்னும் தொடங்கவில்லையே என்று மனசாட்சியோடு பேரம் பேசிக்கொண்டே உள்ளே போனார். மேசை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு சாமானும் இல்லை. எந்த அலமாரியில் வைத்தாளோ! ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். சாக்ஸ் கிடைக்கவில்லை. உப்பு டப்பாகூடக் கிடைக்கவில்லை.

சதுக்கத்தில் மேளமும் கொடியுமாக ஒரே கூட்டம். மனோல் கையசைத்தான். பல் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் வாய் நிறையச் சிரித்து வாழ்த்தினார்கள். ஸ்விலென் ஈரக் காலோடு நின்று கூட்டத்தைத் துழாவினார். தெமெனுகா எங்கும் இல்லை. ஒரு வாரம் அவள் குரல் கேட்காது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாளும் கிராம் கிராமாக எடை பார்த்தவர் இதை மட்டும் நிறுத்துப் பார்க்கவில்லை. 

வரிசை நகர்ந்து மேசைக்கு வந்தார். கருவி கொடுக்கும் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். தெமெனுகாவின் கையால் சாப்பிட்டு வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

"வாங்க மாஸ்டர். உங்களுக்கு எல்லாம் முடிஞ்சுது, போய் நில்லுங்க."

"கருவி குடுக்கலையே?"

"உங்களுக்குக் கருவி கிடையாது."

ஸ்விலென் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பனிட்சா தின்ற மனோல் உளறிவிட்டானா? பையில் இன்னும் ஏதாவது பதுங்கியிருக்கிறதா? "அம்மா, எல்லாத்தையும் நேத்தே எடுத்து வெளிய வச்சுட்டேன். வீட்டு உதவின்னு ஒரு குண்டூசி கிடையாது. வேணும்னா நிறுத்துப் பாருங்க. நான்... நான் தனியாத்தான் போறேன்!"

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் பதறிப்போனாள்.

"ஐயோ, பயப்படாதீங்க மாஸ்டர், ஜோடியா ஓட்டுறவங்களுக்குச் சேர்த்து ஒரே புள்ளி, ஒரே கருவிதான், அதை, உங்க பேரையும் ஜோடிப் பிரிவுல சேர்த்துவிட்ட தெமெனுகா அத்தை விடியக்காலையிலயே வந்து தன்னோட நீலச் சைக்கிள்ல மாட்டிக்கிட்டு, அதோ அந்தக் கொடிக்குக் கீழ, ஓட்டையில்லாத ரெண்டு கரண்டியோட உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க!"