சிவப்பு நூல் கட்டிய குட்டைச் செடி

தக்காளி வளர்ப்பில் ஒரு கை பார்த்துவிடுவது என்று தையல்காரர் தீர்மானித்துவிட்டார். செடி பால்கனிக்கு அடங்கிய குட்டையாக இருக்க வேண்டும். தக்காளி மட்டும் நெட்டைச் செடியின் ருசியில் இருக்க வேண்டும். அவரும் ஆள் குட்டைதான். குட்டை என்றால் மட்டம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்குச் சொந்த அக்கறை உண்டு.

முதல் வருஷம், பட்டன் தைக்கும் ஊசியாலேயே குட்டைச் செடியின் பூவைப் பிரித்து, நெட்டைச் செடியின் மகரந்தத்தைத் தடவினார். மறுவருஷம் அந்த விதைகள் முளைத்தன. அத்தனையும் நெட்டை. ஈரத்துணியோடு காயப்போட இடமில்லாமல் நின்ற மனைவி, "குட்டையைக் குழப்பாதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றாள். அவர் அசரவில்லை. அடுத்த தலைமுறையில் நாலுக்கு ஒன்று குட்டையாகத் திரும்பும் என்று படித்திருந்தார். திரும்பியது. இருபத்துநாலு தொட்டியில் ஆறு குட்டை.

ஆறில் எது உசத்தி? கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துப் பழுக்கத் தொடங்கிய காய்க்கெல்லாம் இடுப்பளவு எடுத்தார். பெரிய அளவு வந்த செடியில் சிவப்பு நூலைக் கட்டித் தன் தொழில் முடிச்சைப் போட்டார். இழுக்க இழுக்க இறுகும், அவிழாது. மனைவி பெருக்கும்போது தொட்டிகள் தினமும் இடம் மாறுவதால் நூல்தான் அடையாளம்.

மனைவிக்கு வேண்டியது துணிக்கொடி. மூன்று வருஷமாகத் துணிகள் ஜன்னல் கம்பியில்தான் காய்கின்றன.

"நான் பொறுக்கின செடி ருசியில தோத்தா, நானே உனக்குக் கொடி கட்டித் தரேன்" என்றார் அவர். "ஜெயிச்சா பால்கனியைப் பத்தி நீ பேசவே கூடாது."

"நீங்க பொறுக்கின செடி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

பழங்கள் நிறையப் பழுத்த பிறகு ஒரு நாள் எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மாவை நடுவராக அழைத்தார்கள். அவர் நூல் கட்டிய செடியின் பழத்தில் ஒரு துண்டை வாயில் போட்டார். உடனே இரண்டாவதை எடுத்தார். தையல்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மூன்று வருஷம் வீண் போகவில்லை.

"பாத்தியா? யார் பொறுக்கினது?"

மனைவி தன் துண்டை மென்று முடித்தாள். "அந்த முடிச்சைக் கொஞ்சம் பாருங்க."

குனிந்தார். ஷூ லேஸுக்குப் போடும் முடிச்சு. அவர் கை ஜென்மத்தில் போடாதது.

"நீங்க கட்டின செடியில ஒரு பழம் தின்னு பாத்தேன். வெறும் தண்ணி. அப்புறம் ஆறையும் தின்னு பாத்துட்டு, நூலை இதுக்கு மாத்தினேன். ருசியை யாராவது டேப்பால அளப்பாங்களா?"

"என் முடிச்சு அவிழாதே."

"உங்க கத்தரிக்கோல் எதுக்கு இருக்கு?"

"சும்மா விட்டிருந்தாலும் நீதானே ஜெயிச்சிருப்பே?"

"கொடி கிடைச்சிருக்கும். இந்த விதை கிடைச்சிருக்குமா? சமையல்கட்டு ஜன்னல்ல ரெண்டு தொட்டிக்கு இடம் இருக்கு."

அவர் ஆதரவுக்கு டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா மூன்றாவது துண்டில் மும்முரமாக இருந்தார். மனைவி உள்ளே போய்க் கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"செடி பாத்தது போதும், கொடியைக் கட்டுங்க. உங்க முடிச்சாவே போடுங்க, அதுதான் அவிழாது."